ஏரிக்கரைப் படங்களுக்குக் கணினியை வைத்துக் குறிப்பு எழுதுவது எப்படி?

ஜனவரி மாதக் காலையில் மூன்று மணி நேரம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தால் மெமரி கார்டில் நானூறு படங்கள் சேர்ந்திருக்கும். அன்று மாலை வரை எல்லாம் நினைவில் இருக்கும். இது மதகுக்குப் பக்கத்தில் எடுத்தது, இது அந்தச் சாய்ந்த கருவேல மரம், இதில் குஞ்சு அலகைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிடலாம். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் எல்லாம் ஒரே தண்ணீர், ஒரே வெள்ளைப் பறவை. என் ஹார்டு டிஸ்க்கில் இப்படிப் பெயரில்லாமல் கிடந்தவை ஆயிரக்கணக்கில். கையால் குறிப்பு எழுதத் தொடங்கி, நூறாவது படத்தில் சலித்துப்போய்த்தான் கணினி எழுதித் தருமா என்று பார்க்கப் போனேன். தரும். ஆனால் எதை அதனிடம் விடுவது, எதை விடக்கூடாது என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதில் முக்கால்வாசியைச் செய்யலாம்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் நீர்ப்பறவைகளாகவே இருக்கும். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் எனக்குப் பழகிய இடங்கள். இரண்டுமே 2022இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. நீங்கள் பாறைப் படிவத்தையோ பயிர் நோயையோ கடல்புல்லையோ படம் எடுப்பவராக இருந்தாலும் வழி இதுதான்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ஆழமில்லாத நீரில் ஒரு பறவை நிற்கும் படத்தைப் பொதுவான படக்குறிப்பு மாதிரி (படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு நிரல்) ஒன்றிடம் கொடுத்தால், "ஒரு பறவை தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறது" என்கிற பொருளில் ஒரு வரி வரும். தப்பில்லை. ஆனால் அதை வைத்து எந்த ஆய்வும் செய்ய முடியாது. களப்பணிக்கு வேண்டிய குறிப்பு கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்:

"நத்தை குத்தி நாரை, முதிர்ந்தது. ஆழமில்லாத நீரில் நிற்கிறது, அலகில் நத்தை. பின்னால் கருவேல மரங்கள். கரிக்கிலி ஏரி, தெற்குக் கரையிலிருந்து எடுத்தது. 2024 ஜனவரி 21, காலை 7.40. அலகின் நடுவே உள்ள இடைவெளியை வைத்து இனம் கண்டது."

இதில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நிற்பது, நத்தை, மரம் ஆகியவை படத்திலேயே தெரிகின்றன. ஏரி, கரை, தேதி, நேரம் ஆகியவை கேமராவிலும் குறிப்பேட்டிலும் பதிவானவை. இனப்பெயரும் முதிர்ந்தது என்பதும் ஓர் ஆள் பார்த்து முடிவு செய்தவை. தெரிவது, பதிவானது, முடிவு செய்தது என்று இந்த மூன்றையும் மனதில் தனித்தனி டப்பாக்களில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் டப்பாவை நிரப்ப இயந்திரம் உதவும். இரண்டாவதை நாம்தான் அதன் கையில் கொடுக்க வேண்டும். மூன்றாவதில் அது யோசனை சொல்லலாம், கையெழுத்துப் போடக் கூடாது. நான் கண்ட பெரிய பிழைகள் எல்லாமே ஒரு டப்பாவில் இருப்பது இன்னொன்றில் விழுந்ததால் வந்தவை.

இயந்திரம் ஏன் அப்படிப் பட்டும் படாமலும் பேசுகிறது? அது எதைப் பார்த்துப் படித்தது என்பதில் விடை இருக்கிறது. இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பாடநூல் போல இருப்பது 2014இல் வெளியான கோகோ என்னும் படத்தொகுப்பு. சாதாரண ஆட்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து குறிப்புகள் எழுதினார்கள். அதில் குறியிடப்பட்ட பொருள் வகைகள் 80. அவற்றில் விலங்கினம் பத்தே பத்து: பறவை, பூனை, நாய், குதிரை, செம்மறியாடு, மாடு, யானை, கரடி, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. மான் கிடையாது, குரங்கு கிடையாது, தவளை கிடையாது. கூழைக்கடாவும் சிட்டுக்குருவியும் ஒரே 'பறவை'. 2022இல் வந்த பிளிப் போன்ற படக்குறிப்பு மாதிரிகள் இணையத்தில் கிடக்கும் படங்களையும் வாசகங்களையும் ஏராளமாகப் படித்தவை. ஆனாலும் வழிப்போக்கர் பார்த்துச் சொல்வது போலச் சொல்லும் பழக்கம் அவற்றிலும் தொடர்கிறது. வழிப்போக்கரிடம் போய் அலகின் நிறத்தைக் கேட்டால் சொல்வார். நாம் கேட்காமல் அவராகச் சொல்ல மாட்டார். இது பின்னால் உதவும்.

வேலை களத்திலேயே தொடங்குகிறது

முதலில் கேமராவின் கடிகாரம். ஒருமுறை பேட்டரி முழுக்கத் தீர்ந்து, மாற்றிப் போட்டபோது கேமராவின் தேதி தொழிற்சாலையில் வைத்த தேதிக்கே திரும்பிவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு காலை முழுவதும் எடுத்த படங்கள், நான் அந்தக் கேமராவை வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்தவையாகப் பதிவாயின. அன்றிலிருந்து முதல் படமாகக் கைபேசியின் கடிகாரத் திரையை எடுத்துக்கொள்கிறேன். கேமராவில் பதிவான நேரத்துக்கும் திரையில் தெரியும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால் அன்றைய எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில் நகர்த்திவிடலாம். இதற்கு எக்சிஃப்டூல் என்கிற இலவசக் கருவி போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

அடுத்து இடம். கைபேசியில் இடம் பதியும் வசதியை இயக்கிவைத்திருந்தால், எடுத்த படத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தாமாகவே பதிவாகும். பெரிய கேமரா என்றால், நடந்த தடத்தைக் கைபேசிச் செயலி ஒன்றில் பதிந்துவைத்துப் பிறகு நேரத்தை ஒப்பிட்டு ஏற்ற வேண்டும். இதையும் எக்சிஃப்டூல் செய்யும். கடிகாரம் சரியாக இருந்தால்தான் இது நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதில் புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ஜிபிஎஸ் சொல்வது நீங்கள் நின்ற இடத்தை. பறவை இருந்த இடத்தை அது சொல்லாது. நீளமான லென்ஸ் இருந்தால் பறவை இருநூறு மீட்டர் தள்ளி நடு ஏரியில் இருக்கும். அதனால்தான் மேலே உள்ள குறிப்பில் 'தெற்குக் கரையில்' என்று எழுதாமல் 'தெற்குக் கரையிலிருந்து' என்று எழுதினேன். ஒரு வேற்றுமை உருபு மாறினால் பறவை கரையேறிவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்காதீர்கள். படமாக அனுப்பினால் அளவும் குறையும், உள்ளே இருந்த தேதி, இடத் தகவலும் போய்விடும். வேறு வழியில்லை என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

குறிப்பேடு பற்றி நீட்டப் போவதில்லை. எழுத நேரமில்லாதபோது கைபேசியில் பேசிப் பதிந்துகொள்வேன். 2022இல் வெளியான விஸ்பர் போன்ற பேச்சுணர் மாதிரிகள் தமிழையும் எழுத்தாக்கும். சாதாரண வாக்கியங்களை ஓரளவு நன்றாகவே எழுதும், பறவைப் பெயர்களில்தான் சொதப்பும். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அன்றிரவே திருத்திவிடுங்கள். காற்றடிக்கும் கரையில் பேசுவதாக இருந்தால் வாயைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எந்த மாதிரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாம் ஒரு அட்டவணைக்குள்

மூலப் படங்களை ஒரு கோப்புறையில் பூட்டிவைத்துவிட்டு நகலில் மட்டும் கைவையுங்கள். எக்சிஃப்டூலைக் கொண்டு எல்லாப் படங்களின் தகவலையும் ஒரு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) எடுத்து எக்செல்லில் திறந்தால், படத்துக்கு ஒரு வரிசை வீதம் கோப்பின் பெயர், தேதி, நேரம், அட்ச தீர்க்கரேகை ஆகியவை வந்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் நீங்கள் சேர்க்க வேண்டிய பத்திகள்: ஏரியின் பெயர், நின்ற இடம், இடத்தின் துல்லியம் எத்தனை மீட்டர், இனப்பெயர், இனம் கண்டவர், எதை வைத்துக் கண்டார், எவ்வளவு உறுதி, ஆளின் குறிப்பு, இயந்திரத்தின் குறிப்பு, நிலை.

பத்திகளுக்குச் சொந்தமாகப் பெயர் வைப்பதை விட டார்வின் கோர் என்னும் பன்னாட்டுத் தரத்தில் உள்ள பெயர்களையே எடுத்துக்கொள்வது நல்லது. உயிரினப் பதிவுகளைப் பகிர்வதற்காக 2009இல் ஏற்கப்பட்டது. பிற்பாடு உங்கள் தரவை ஜிபிஃப் போன்ற, உயிரினப் பதிவுகளைத் திரட்டும் பொதுத் தளத்துக்கு அனுப்ப நினைத்தால் தலைவலி குறையும்.

இயந்திரத்திடம் கேள்வியாகக் கேளுங்கள்

முப்பது நாற்பது படங்கள்தான் என்றால் ஜெமினி, சாட்ஜிபிடி, கிளாட் போல படம் பார்க்கத் தெரிந்த உரையாடல் கருவி எதுவானாலும் சரி. ஆயிரக்கணக்கில் இருந்தால் கையால் ஏற்றிக் கட்டாது. அப்போது ஹக்கிங் ஃபேஸ் என்னும் மாதிரிகள் பகிரும் தளத்தில் கிடைக்கும் திறந்த மாதிரிகளை, உலாவியிலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாப்பில் ஒரு சிறிய பைத்தான் நிரல் வழியாக ஓட்டலாம். பிளிப் சிறியது, வேகமானது, ஆனால் சொல்வது கொஞ்சம், அதுவும் ஆங்கிலத்தில். லாவா, குவென் வரிசையில் உள்ள படமொழி மாதிரிகள் கேள்விக்கு விடை சொல்லும். புதியவர்கள் உரையாடல் கருவியிலேயே தொடங்குங்கள். கேள்வியைச் சரியாக அமைத்துப் பழகுவதுதான் இந்த வேலையின் பாதி. அது கைவந்த பிறகு நிரலுக்குப் போகலாம்.

"இந்தப் படத்தை விவரி" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அமைதியான நீர்நிலை, இயற்கையின் எழில், பொன்னிறக் காலை என்று கல்யாணப் பத்திரிகை நடையில் எழுதித் தரும். நான் பயன்படுத்தும் கட்டளை ஏறக்குறைய இது:

"படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல். இனப்பெயர், இடம், பருவம், காரணம் எதையும் சொல்லாதே. கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விடை கொடு. பறவைகள்: ஒன்று, இரண்டு, மூன்று முதல் பத்து, பத்துக்கு மேல். நிலை: நிற்கிறது, நீந்துகிறது, பறக்கிறது, கூட்டில் இருக்கிறது. அலகு தெரிகிறதா, என்ன நிறம். கால் தெரிகிறதா, என்ன நிறம். பின்புலத்தில் என்ன இருக்கிறது. மனிதர், படகு, வலை, குப்பை உண்டா. தெளிவாகத் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுது, ஊகிக்காதே."

கடைசி வரிதான் இதில் உயிர்நாடி. விடை தெரியாதபோது ஒதுங்கிக்கொள்ள ஒரு வாசல் வைக்காவிட்டால் மாதிரி எதையாவது சொல்லிவைக்கும். தண்ணீருக்குள் இருக்கும் காலுக்குக்கூட நிறம் சொல்லும். ஏரி என்றால் படகு, வயல் என்றால் உழவர் என்று அது படித்த படங்களில் அடிக்கடி சேர்ந்து வந்தவற்றை இல்லாத இடத்திலும் சேர்த்துவிடும். இந்த நோயைத்தான் ஆய்வாளர்கள் மாயத்தோற்றம் என்கிறார்கள்.

எண்ணிக்கையை ஏன் கூறுபோட்டுக் கேட்டேன் என்றால், கூட்டத்தை எண்ணுவதில் இந்த மாதிரிகளை நம்ப முடியாது. நான்கைந்து வரை பரவாயில்லை. மரம் முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகள் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கொடுத்து எத்தனை என்று கேட்டால், ஒரே படத்துக்கு இருமுறை இரண்டு எண் வரலாம்.

பெயர் வைப்பது தனி வேலை

வெள்ளைக் கொக்குகளை எடுத்துக்கொள்வோம். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது. நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் அலகு மஞ்சள், ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். இந்த இரண்டையும் பிரிக்க வாய்ப்பிளவை, அதாவது அலகு பிளக்கும் கோடு முகத்தில் எங்கே முடிகிறது என்பதை, பார்க்க வேண்டும். பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். படத்தில் இது நான்கைந்து பிக்சல் அளவு. வழிப்போக்கர் நடையில் பேசும் மாதிரிக்கு இவை எல்லாம் ஒரே வெள்ளைப் பறவை. நத்தை குத்தி நாரையிலும் இதே சிக்கல். அலகின் நடுவே தெரியும் இடைவெளி முதிர்ந்தவற்றுக்குத்தான். இளம் பறவைக்கு இருக்காது. முகத்துக்கு நேராக எடுத்த படத்தில் முதிர்ந்ததற்கும் தெரியாது.

இதற்கென்றே பழக்கிய மாதிரிகள் உண்டு. பயோகிளிப் அப்படிப்பட்டது. ஒரு கோடி உயிரினப் படங்களையும் அவற்றின் வகைப்பாட்டுப் பெயர்களையும் சேர்த்துப் படித்தது. உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் யோசனை சொல்லும் வசதி இருக்கிறது. இவை நிஜமாகவே உதவுகின்றன. ஆனால் அவை காட்டும் மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பயோகிளிப்பைப் போன்ற கிளிப் வகை மாதிரிக்கு (படத்தையும் சொல்லையும் ஒப்பிட்டுப் பொருத்தம் பார்ப்பது) மூன்று பெயர்களைக் கொடுத்து எது என்று கேட்டால், அந்த மூன்றுக்குள் நூறு மதிப்பெண்ணைப் பங்கு போட்டுக் கொடுக்கும். படத்தில் இருப்பது தெருநாயாக இருந்தாலும் மூன்று கொக்குகளில் ஒன்றுக்கு அதிக மதிப்பெண் விழத்தான் செய்யும். 92 என்று வந்தால், 'இந்த மூன்றில் இதுதான் நெருக்கம்' என்றுதான் பொருள். 'இது உறுதி' என்று அது சொல்லவில்லை.

ஆகவே என் வழக்கம் இது: மாதிரி சொன்ன பெயர் 'யோசனை' என்கிற பத்தியில் நிற்கும். பறவை தெரிந்த ஓர் ஆள் எந்த அடையாளத்தை வைத்து ஒப்புக்கொண்டார் என்று எழுதிய பிறகுதான் 'இனப்பெயர்' பத்திக்கு நகரும். அடையாளம் தெரியாவிட்டால் ஒரு படி மேலே ஏறி 'வெள்ளைக் கொக்கு வகை, இனம் உறுதியாகவில்லை' என்று நிறுத்திக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறான இனப்பெயர் ஒன்று தரவுத்தளத்துக்குள் போய்விட்டால் அதைத் திரும்பப் பிடுங்குவது பெரும்பாடு.

வாக்கியம் ஆக்குவது

இப்போது அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. இவற்றைக் கோத்தால் குறிப்பு. என் கருத்தில் பாதிப் படங்களுக்கு இந்தக் கட்டத்தில் மொழி மாதிரியே வேண்டியதில்லை. எக்செல்லிலேயே பத்திகளை ஒட்டும் சூத்திரம் போட்டால் வேலை முடிந்தது. இயந்திரம் சேராத இடத்தில் இயந்திரப் பிழையும் இல்லை.

தமிழில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆங்கிலத்தில் இடப்பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்தால் வேலை முடிந்துவிடும். தமிழில் ஏரி ஏரியில் ஆகும், குளம் குளத்தில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும், காடு காட்டில் ஆகும். வார்ப்புருவில் 'இல்' என்று ஒட்டிவைத்தால் 'குளம்இல்' என்று வந்து நிற்கும். நாரை நிற்கிறது, நாரைகள் நிற்கின்றன என்று வினையும் மாற வேண்டும். இதற்கு நான் கண்ட எளிய வழி, உருபே வராதபடி அமைப்பது: "கரிக்கிலி ஏரி, தெற்குக் கரை." "நிலை: நீந்துதல்." பார்க்கக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும், ஆனால் தப்பாது.

வாசகர்கள் படிக்கப்போகிற இடத்துக்கு, கண்காட்சிப் பலகைக்கோ பள்ளி மாணவர் கையேட்டுக்கோ என்றால், முழு வாக்கியம் வேண்டும். அங்கே மொழி மாதிரியைக் கூப்பிடலாம். அதற்கு முன் பத்துப் படங்களுக்கு நீங்களே குறிப்பு எழுதுங்கள். அந்தப் பத்தையும் அவற்றுக்குரிய அட்டவணை வரிசைகளையும் மாதிரிக்குக் காட்டி, "வரிசை இப்படி இருந்தால் குறிப்பு இப்படி. வரிசையில் இல்லாத எதையும் சேர்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பதினோராவது வரிசையைக் கொடுங்கள். எத்தனை நீளமான விதிமுறை எழுதினாலும் இந்தப் பத்து எடுத்துக்காட்டு செய்கிற வேலையை அது செய்யாது. நிரல் வழியாகச் செய்பவர்கள் டெம்பரேச்சர் என்னும் அளவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மாதிரியின் துள்ளல் அடங்கும்.

இங்கே ஒரு கண்ணி எனக்கு வைக்கப்பட்டிருந்தது. குறிப்பேட்டில் "கூழைக்கடா 340" என்று எழுதியிருந்தேன். அது அன்று ஏரி முழுவதும் எண்ணியது. படத்தில் இருந்தவை பன்னிரண்டு. மாதிரி இரண்டையும் அழகாகக் கோத்து, "340 கூழைக்கடாக்கள் நீந்துகின்றன" என்று எழுதிவிட்டது. வாக்கியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கே முதல் வாசிப்பில் தெரியவில்லை. அதன்பிறகு 'படத்தில் எண்ணிக்கை', 'ஏரியில் எண்ணிக்கை' என்று இரண்டு பத்திகள் வைத்துக்கொண்டேன்.

வினைச்சொற்களிலும் கண் வேண்டும். 'அலகை நீருக்குள் விட்டிருக்கிறது' என்பது தெரிவது. 'இரை தேடுகிறது' என்பது நாம் முடிவு செய்வது. 'துணையைக் கொஞ்சுகிறது' என்றால் கதை. அருகில் நின்று பார்த்தவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் மட்டும் இரண்டாவதை அனுமதியுங்கள்.

தமிழ் தமிழாக இருக்க

பிளிப் தந்த ஆங்கில வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் "ஒரு பறவை ஒரு மரத்தின் ஒரு கிளையின் மீது அமர்ந்திருப்பது காணப்படுகிறது" என்று வரும். மூன்று 'ஒரு'வும் ஒரு 'காணப்படுகிறது'வும் பார்த்தவுடன் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். நம் ஆள் "மரக்கிளையில் பறவை" என்று முடித்துவிடுவார். அதனால் வாக்கியத்தை மொழிபெயர்க்காதீர்கள். துண்டுத் தகவல்களை வாங்கித் தமிழிலேயே கோத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு தவிர்க்க முடியாததாக இருந்தால், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அதன் வெளியீட்டையும் ஒருமுறை கையால் தட்டிச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

பெயர்கள் இன்னும் பெரிய சங்கதி. ஆங்கிலத்தில் கொக்கு வகைக்கும் நாரை வகைக்கும் பல தனிச்சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்புக் கருவி அவற்றை எல்லாம் கொக்கு அல்லது நாரை என்று மனம்போனபடி ஆக்கிவிடும், சமயத்தில் பளுதூக்கும் கிரேன்கூட வந்து நிற்கும். தமிழிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சாம்பல் நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் வேறு வேறு குடும்பம், ஆனால் நமக்கு இரண்டுமே நாரை. குருட்டுக்கொக்கும் மடையானும் ஒரே பறவைக்கு இரண்டு பெயர். எனவே அறிவியல் பெயர், நீங்கள் தேர்ந்துகொண்ட தமிழ்ப் பெயர், ஊரில் வழங்கும் மற்றப் பெயர்கள் என்று மூன்று பத்தியில் ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள். மாதிரி எழுதிய எந்தப் பெயரையும் நம்பாமல், அறிவியல் பெயரை வைத்துப் பட்டியலிலிருந்து நிரப்புங்கள். மற்றப் பெயர்களையும் தேடுசொல்லாகப் போட்டுவைத்தால், மடையான் என்று தேடுபவருக்கும் படம் கிடைக்கும்.

சரிபார்க்காமல் எதையும் வெளியே விடாதீர்கள்

ஐம்பது படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நன்றாக வந்தவற்றைப் பொறுக்கக் கூடாது. இயந்திரம் எழுதியதைப் பார்க்காத ஒருவரிடம் அதே படங்களைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிழைகளை வகைப்படுத்துங்கள்: இல்லாத பொருள், தப்பான எண்ணிக்கை, தப்பான செயல், தப்பான இனம், அட்டவணையில் இல்லாத தகவல். எந்த வகை அதிகமோ, அதற்கேற்பக் கட்டளையைத் திருத்த வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் பிளூ, சைடர் என்றெல்லாம் மதிப்பெண் முறைகளைப் பார்ப்பீர்கள். பிளூ 2002இல் மொழிபெயர்ப்பை மதிப்பிட வந்தது, சைடர் 2015இல் படக்குறிப்புக்கென்றே வந்தது. இரண்டும் ஆள் எழுதிய குறிப்போடு சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பவை. 'நிற்கிறது' என்று ஆள் எழுதி, 'நின்றுகொண்டிருக்கிறது' என்று இயந்திரம் எழுதினால் சொல் பொருந்தவில்லை என்று மதிப்பெண் குறையும். கூழைக்கடாவை நாரை என்று எழுதி மற்றச் சொற்கள் எல்லாம் பொருந்தினால் நல்ல மதிப்பெண் விழும். நமக்கு எது பெரிய தப்பு? பொருள் மாயத்தோற்றத்தை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும், வழக்கமான மதிப்பெண்களில் முந்தும் மாதிரி இல்லாததைச் சொல்வதில் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டியது. ஐம்பது படங்களை உட்கார்ந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை.

ஒவ்வொரு குறிப்புக்கும் நிலைப் பத்தியில் 'இயந்திர வரைவு' அல்லது 'ஆள் பார்த்தது' என்று எழுதுங்கள். பார்த்தவர் யார், எந்த நாளில் பார்த்தார் என்பதும் வேண்டும்.

படத்துக்குள் எழுதிவைத்தல்

அட்டவணையும் படமும் பிரிந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். எனவே குறிப்பைப் படக்கோப்பின் உள்ளேயே எழுதிவிட வேண்டும். இதற்கும் எக்சிஃப்டூல்தான். படக்கோப்புக்குள் குறிப்பு உட்காரும் இடத்தைப் புலம் என்பார்கள். அதற்குப் பழைய ஐபிடிசி தரத்தில் ஒன்றும் புதிய எக்ஸ்எம்பி தரத்தில் ஒன்றும் உண்டு. தமிழுக்கு எக்ஸ்எம்பியையே எடுங்கள். பழைய புலத்தில் எழுத்துக் குறியாக்கக் குழப்பம் வரும். குறிப்புக்கு 2000 பைட் என்கிற வரம்பும் அதில் உண்டு. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். மூன்றெழுத்துக் 'கொக்கு' ஆறு குறியீடுகளாகிப் பதினெட்டு பைட்டை விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் தாராளமாக இருக்கும் இடம் நமக்கு இரண்டு பாராவில் தீர்ந்து, வாக்கியம் நடுவில் அறுந்து நிற்கும்.

பார்வையற்றோர் திரைவாசிப்பானில் கேட்கும் மாற்றுரையைத் தனிப் புலத்தில் வையுங்கள். அதில் அட்சரேகை தீர்க்கரேகையை வாசித்துக் காட்ட வேண்டாம். படத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும், இரண்டு வரியில்.

பொதுவெளிக்குப் போகும் நகலில் கூடு இருக்கும் இடத்தையும் அரிய இனம் இருக்கும் இடத்தையும் அழித்துவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் மறைத்துக் காட்டுகிறது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள கட்டம் அது. ஆனால் படக்கோப்பில் பதிவான இடத் தகவலை மறைத்துவிட்டுக் குறிப்பில் 'மதகிலிருந்து மூன்றாவது கருவேலம்' என்று எழுதினால் என்ன பயன்? உரையாடல் கருவிகளில் படத்தை ஏற்றும்போதும் முதலில் இடத் தகவலை நீக்கிய நகலையே ஏற்றுங்கள். வலை வீசும் மீனவர் முகம் தெரியும் படம் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு சோதனை. அட்டவணையை மூடிவிட்டு, டிஜிகாம் போன்ற இலவசப் பட மேலாளரில் கோப்புறையைத் திறந்து 'நத்தை' என்று தமிழில் தேடுங்கள். நத்தை குத்தி நாரைப் படங்கள் எல்லாம் வரும். நடுவே பறவையே இல்லாமல் கரையோரச் சேற்றில் ஓட்டு நத்தைகள் மட்டும் கிடக்கிற, நீங்கள் எடுத்ததையே மறந்துபோன ஒரு படமும் வந்தால், குறிப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது.